ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூன்று கட்டிகள்

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 26 வயது. கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது, இன்னும் விசேஷம் இல்லை. ஜூலை 19-ம் தேதி டவுனில் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பை பின்னால் திரும்பியிருக்கிறது, கர்ப்பப்பை வாயில் ஒரு நீர்க்கட்டி, வலது சினைப்பையில் 19 மி.மீ. கட்டி, அதுபோக இரண்டு சினைப்பையிலும் பொடிப்பொடியாகப் பத்துப் பன்னிரண்டு நீர்க்கட்டி என்றார்கள். பீரியட்ஸ் எனக்கு மாதம் தவறாமல் வந்துவிடும் (ஜூன் 5, ஜூலை 5, ஆகஸ்ட் 4). மூன்று நாள்தான் போகும். கெட்ட ரத்தம் முழுசாக வெளியேறாமல் உள்ளே தங்கித்தான் கட்டியாகிறது என்று சொல்லி ஒரு கடையில் கஷாயம் கொடுத்தார்கள், 4,000 ரூபாய். அதைக் குடித்த பிறகு ஆகஸ்ட் 10-ம் தேதி எடுத்த ஸ்கேனில் பெரிய கட்டி கரைந்துவிட்டது, சின்னதெல்லாம் அப்படியே இருக்கிறது. மாத நடுவில் வழவழவென்று வெள்ளையும் படுகிறது. உடம்பு உருகிப் போகிறது என்று அத்தை பயப்படுகிறார். என் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு ஹோட்டலில் மாஸ்டர். சம்பளம் வாங்கியதும் முதல் வாரத்தில் ஊருக்கு வந்து மூன்று நாள் இருப்பார். மிச்சக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் குழந்தை தங்குமா? கர்ப்பப்பையை நேராக்க முடியுமா? பெயர், ஊர் போட வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷன் வேண்டாம். பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையை நேராக்கவும் வேண்டாம். அந்தக் கஷாயத்துக்கு இன்னொரு முறை காசு கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மூன்று விதக் கட்டி என்கிறீர்களே, அதில் ஒன்றுகூட நோய் இல்லை. இரண்டு, உங்கள் சினைப்பை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. மூன்றாவதைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டியதில்லை.

‘நீர்க்கட்டி’ என்ற ஒரே வார்த்தையைத் தமிழில் எத்தனை விஷயத்துக்குப் போட்டுவிட்டோம் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அந்த வார்த்தையோடு அழுதுகொண்டு ஓ.பி.க்கு ஒரு பெண்ணாவது வராத நாளே கிடையாது. ‘கட்டி’ என்றதும் யாருக்கும் கரைக்கணும், அறுக்கணும், எடுக்கணும் என்றுதானே தோன்றும்? அதனால் உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே படிக்கிற மாதிரி சொல்லித்தருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வீட்டில் அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் சினைப்பை. பாதாம் பருப்பைவிடச் சற்றே பெரியது, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கர்ப்பப்பைக்கு இடமும் வலமுமாக ஒன்றொன்று. அதற்குள்தான் உங்கள் முட்டைகள் இருக்கின்றன. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோதே உங்களுக்கு அறுபது, எழுபது லட்சம் முட்டைகள் உருவாகியிருந்தன. பிறக்கும்போது பத்திலிருந்து இருபது லட்சம். வயசுக்கு வந்த அன்று மூன்று, நான்கு லட்சம். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. ஆயுள் முழுக்க வெளியே வந்து கருத்தரிக்க வாய்ப்புள்ளவை நானூறு போல. மற்றவை எல்லாம் தானாகவே வாடி மறைந்துவிடும்.

ஒரு முட்டையின் அளவு 0.1 மில்லிமீட்டர். வெள்ளைத் துணியில் விழுந்த ஒரு கோலமாவுத் துகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பீர்களே, அந்த மாதிரி. இதை எந்த வயிற்று ஸ்கேனும் காட்டாது. ஆனால் முட்டை வளரத் தொடங்கினால் அதைச் சுற்றி நீர் கோத்த ஒரு குமிழ் உண்டாகும். அந்தக் குமிழைத்தான் ரிப்போர்ட்டில் ‘ஃபாலிகிள்’ என்று எழுதுவோம். ஸ்கேன் திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். சினைப்பையைப் பார்த்தால் சாம்பல் நிறத்துக்குள் கறுப்புக் கறுப்பாக மிளகு பதித்தது போல இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் வலது பக்கம் 11, இடது பக்கம் 10, எல்லாம் 4 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ.க்குள். தங்கையே, உங்களுக்குப் பொடிப்பொடி நீர்க்கட்டி என்று சொல்லப்பட்டது இதுதான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை இருக்கிறது. அதை ஆபரேஷன் செய்து எடுத்தால் எதை எடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த 19 மி.மீ. கதை. ஒவ்வொரு மாதமும் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்பும். அதைக் குடித்து ஒரு கூட்டம் குமிழ்கள் ஒன்றாக வளரும். சில நாளில் ஒன்று மட்டும் மற்றதை முந்தும். முந்தியது நிறைய ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். அதைப் பார்த்ததும் மூளை, ‘போதும்’ என்று எஃப்.எஸ்.ஹெச். வரத்தைக் குறைத்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் வேர் விட்ட பயிர் தாங்கும், சின்னது வாடும். இங்கேயும் அதேதான். பெரியது குறைந்த ஹார்மோனிலும் பிழைத்து வளரும், மற்றவை சுருங்கிப்போகும். பெரியது 18-லிருந்து 24 மி.மீ. வரை வந்ததும், இரண்டு நாளாக உச்சத்தில் நிற்கும் ஈஸ்ட்ரோஜனைப் பார்த்து மூளை எல்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனை ஒரே மூச்சில் கொட்டும். அது ஏறத் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் குமிழ் வெடித்து முட்டை வெளியே வரும்.

ஜூலை 5 உங்களுக்கு முதல் நாள். ஸ்கேன் எடுத்த 19-ம் தேதி 15-வது நாள். அன்றைக்கு 19 மி.மீ. குமிழ். பாடப் புத்தகத்தில் படம் போட வேண்டுமானால் இப்படித்தான் போடுவார்கள். ‘கட்டி’ என்று நீங்கள் கேட்டுவிட்டு அழுத அன்றோ, அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ அது வெடித்து முட்டையை வெளியே விட்டிருக்கிறது. அந்த மாதம் உங்கள் உடம்பு செய்த மிகப் பெரிய வேலை அது.

கஷாயம் கரைத்தது என்று நம்பியிருக்கிறீர்கள். வெந்நீர் குடித்திருந்தாலும் ஆகஸ்ட் 10-ம் தேதி ஸ்கேனில் அது இருந்திருக்காது. வெடித்த குமிழ் சுருங்கி மஞ்சள் நிறமாக மாறும். பதினான்கு நாள் போல உயிரோடிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கரு வந்து ஒட்டவில்லை என்றால் மடிந்துபோகும். அது மடிவதால்தான் பீரியட்ஸே வருகிறது. இந்தப் பதினான்கு நாள் கணக்கு பெண்ணுக்குப் பெண் அதிகம் மாறாது. மாறுவதெல்லாம் முட்டை வெடிப்பதற்கு முந்தைய நாட்கள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் தேவைப்படும்.

கர்ப்பப்பை வாயிலிருக்கும் ‘நீர்க்கட்டி’யை ரிப்போர்ட்டில் ‘நபோதியன் சிஸ்ட்’ என்று எழுதியிருக்கிறார்கள், 6 மி.மீ. கர்ப்பப்பை வாயில் சளி சுரக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. ஏதாவது ஒன்றின் வாய் தோல் மூடி அடைபட்டால் சளி உள்ளேயே தேங்கிச் சிறு மணி போல நிற்கும். முகத்தில் மயிர்க்கால் அடைபட்டுப் பொரி வருகிறதே, அதைவிடச் சாதுவானது. வலி கிடையாது, கருத்தரிப்புக்கு இடைஞ்சல் கிடையாது, மருந்தும் வேண்டாம். சினைப்பையில் இருப்பது போலில்லாமல், சிஸ்ட் என்ற பெயருக்கு நியாயமானது உங்கள் ரிப்போர்ட்டில் இது ஒன்றுதான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் மார்ட்டின் நபோத், ஜெர்மானிய மருத்துவர். 1707-ல் இவற்றைப் பற்றி எழுதியபோது இவைதான் பெண்ணின் முட்டைகள் என்று நம்பினார். அதற்கு முன்பே 1672-ல் ஹாலந்தைச் சேர்ந்த ரெனியர் த கிராஃப் சினைப்பையிலிருக்கும் குமிழ்களை விவரித்துவிட்டார். அவருமே குமிழையேதான் முட்டை என்று நினைத்தார். குமிழுக்குள் ஒரு புள்ளியாக முட்டை மிதப்பதை 1827-ல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் ஒரு நாயின் சினைப்பையில் கண்ட பிறகுதான் விஷயம் தெளிந்தது. நபோத் கட்டியைப் பார்த்து முட்டை என்றார். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்பே தெளிந்துவிட்ட பிறகும், நாம் முட்டை இருக்கும் குமிழைப் பார்த்துக் கட்டி என்று சொல்லி 26 வயதுப் பெண்ணைத் தூங்கவிடாமல் செய்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு. ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பவர் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

“அப்படியானால் பி.சி.ஓ.டி. என்கிறார்களே, அது பொய்யா?” என்று கேட்பீர்கள். பொய்யில்லை. அது நிஜமான பிரச்சினை, நிறையப் பெண்களுக்கு இருக்கிறது. ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. மூன்று விஷயம் பார்ப்போம். பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறதா, முகவாயில் மீசையில் முடி, அடங்காத பரு என்று ஆண் ஹார்மோன் அதிகமாக இருப்பதன் அடையாளம் உண்டா, சினைப்பையின் தோற்றம் எப்படி. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், வேறு காரணமும் இருக்கக் கூடாது. 2003-ல் ராட்டர்டாமில் மருத்துவர்கள் கூடி வகுத்த அளவுகோல் இது. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின்படி, தோற்றம் என்று எழுதுவதற்கே ஒரு சினைப்பையில் குறைந்தது 20 குமிழ் இருக்க வேண்டும், அல்லது சினைப்பை 10 மி.லி. அளவுக்குப் பெருத்திருக்க வேண்டும். உங்களுக்கு 11-ம் 10-ம். அளவு 7 மி.லி. பீரியட்ஸ் கடிகாரம் போல வருகிறது. முடி, பரு என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. உங்கள் வயதில் இந்த எண்ணிக்கை இருந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

பி.சி.ஓ.டி. இருப்பவர்களுக்கும் அவை கட்டி கிடையாது. ஒன்று முந்தி வெடிக்க வேண்டியது நடக்காமல், பல குமிழ்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன, அவ்வளவுதான். 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் பீரியட்ஸ் திரும்ப வருவதையும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் முட்டையை வளர்த்து வெடிக்க வைக்கும் மாத்திரை கிடையாது, அதனால் பல வருஷம் அந்த ஆபரேஷன் நடந்தது. அதனால் உள்ளே தசை ஒட்டிக்கொண்டு குழாய் கெட்டுப்போனவர்களும் உண்டு. இன்று மாத்திரைதான் முதல் வழி. லேப்ராஸ்கோப்பியில் சினைப்பையில் துளையிடுவது மாத்திரைக்கு மசியாத சிலருக்கு மட்டும். ‘கட்டியை எடுத்துட்டா சரியாயிடும்’ என்று ஊரில் யாராவது சொன்னால், அது இந்தப் பழைய ஆபரேஷனின் எச்சமாகத்தான் இருக்கும்.

உண்மையான சினைப்பைக் கட்டிகளும் உண்டு, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் மறையாதவை, பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் சிஸ்ட், முடியும் கொழுப்பும் அடைந்த டெர்மாய்டு. இவற்றுக்கு வைத்தியம் வேறு. எந்த வயதிலும் அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது, திரும்பியிருக்கும் கர்ப்பப்பை. வலது கையை முஷ்டியாகப் பிடித்து முழங்கையை மேசையில் ஊன்றி நிறுத்துங்கள். முஷ்டிதான் கர்ப்பப்பை, மணிக்கட்டு கர்ப்பப்பை வாய். பிள்ளை பெறாத பெண்ணுக்குக் கர்ப்பப்பை உங்கள் முஷ்டியைவிடச் சின்னது. ஏழு எட்டு சென்டிமீட்டர் நீளம், ஐம்பது அறுபது கிராம் எடை. உங்களுடையது 7.6. இப்போது முஷ்டியை உள்ளங்கைப் பக்கமாக மடக்குங்கள். நிறையப் பேருக்கு இப்படி மூத்திரப்பை மேல் சாய்ந்து கிடக்கும். அதே முஷ்டியைப் புறங்கைப் பக்கம் சாயுங்கள். இது மலக்குடலைப் பார்த்துச் சாய்ந்த கர்ப்பப்பை, உங்களுடையது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான். மணிக்கட்டு எங்காவது போய்விட்டதா? வாசல் கொஞ்சம் கோணம் மாறுமே தவிர, அங்கேயேதான் இருக்கிறது. கவிழ்ந்த குடத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிற மாதிரி கரு நழுவிவிடும் என்று அத்தை பயப்படுகிறார் போலிருக்கிறது. கர்ப்பப்பை குடம் கிடையாது. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், நடுவே இருப்பது ஒரு மெல்லிய இடுக்கு. கரு அந்தச் சுவருக்குள் புதைந்து வேர் விடுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். மூன்றாம் மாதம் முடிகிற சமயம் கர்ப்பப்பை பெருத்துத் தானாகவே மேலே எழும்பி நேராகிவிடும். மிக அபூர்வமாக எழும்பாமல் சிக்கிக்கொண்டால் மூன்று, மூன்றரை மாதத்தில் மூத்திரம் கட்டிக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் உடனே வந்தால் சரிசெய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். பீரியட்ஸின்போது எழுந்திருக்கவே முடியாத வலியோ, உடலுறவின்போது உள்ளே குத்துகிற வலியோ உண்டா? இருந்தால், கர்ப்பப்பை பின்னால் ஒட்டிக்கொண்டு அப்படிச் சாய்ந்திருக்கலாம். கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடிதத்தில் இல்லாததால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கூச்சத்தில் விட்டிருந்தால் நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘எண்டோமெட்ரியம்’ என்று ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். ஜூலை 19-ல் 9.5 மி.மீ., ஆகஸ்ட் 10-ல் 5 மி.மீ. கர்ப்பப்பையின் உட்பக்கம் விரிக்கும் மெத்தை அது. குமிழ் வளர வளர மெத்தையும் தடிக்கும். கரு வராவிட்டால் மஞ்சள் குமிழ் மடிந்து புரோஜெஸ்டிரோன் இறங்கும், மெத்தை கழன்றுவிடும், அடுத்த மாதம் புதிதாக விரிப்பார்கள். 1940-ல் மார்க்கீ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், குரங்கின் கர்ப்பப்பை உட்சவ்வில் ஒரு துணுக்கை அதன் கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நீரறையில் பதித்துவைத்தார். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல மாதவிடாயை நேரில் பார்த்தார். ஹார்மோன் இறங்கியதும் சுருள் சுருளான சின்ன ரத்தக்குழாய்கள் இறுகி மூடிக்கொண்டன, சவ்வு வெளுத்தது, பிறகு குழாய்கள் திறந்தபோது ரத்தம் கசிந்து சவ்வு உதிர்ந்தது. உங்களுக்கு மாதாமாதம் நடப்பதும் அதுதான். கையில் ஊசி குத்தினால் வருகிற அதே ரத்தம், கழன்ற மெத்தையோடு கலந்து வருகிறது. சராசரியாக 30, 40 மி.லி.தான், டீக்கடை கிளாஸில் பாதிகூட வராது. மூன்று நாள் போவது முழு அளவுதான். உள்ளே எதுவும் தங்கவில்லை. கர்ப்பப்பையில் தங்கும் ரத்தம் சினைப்பையில் போய்க் குமிழாகவும் வழியில்லை.

மாத நடுவில் படும் வெள்ளைக்கு வருவோம். இதைப் படித்ததும்தான் உங்கள் கடிதத்தை நான் இரண்டாவது முறை எடுத்துப் படித்தேன். வழவழவென்று என்று எழுதியிருக்கிறீர்கள். அரிப்பு இல்லை, நாற்றம் இல்லை, தயிர்த் திப்பி போல இல்லை. இருந்தால் தொற்று, வைத்தியம் வேண்டும். இது பச்சை முட்டையை உடைத்தால் வரும் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுபடாமல் நூலாக நீளும், இல்லையா? ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும்போது கர்ப்பப்பை வாய் சுரக்கும் சளி அது. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரணி இலை போல உப்பு படிந்திருக்கும், கிளையும் கிளைக்குள் கிளையுமாக. படிக்கிற காலத்தில் முதல்முறை அதைப் பார்த்துவிட்டு இடத்தைவிட்டு நகர மனமில்லாமல் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாதத்தின் மற்ற நாட்களில் இந்தச் சளி கெட்டியாகி வாசலை அடைத்துக்கொள்ளும். விந்தணு உள்ளே போக வழியில்லை. இந்தச் சில நாள் மட்டும்தான் இளகி வழி விடுகிறது. உடம்பு உருகவில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். வாசல் திறந்திருக்கிறது என்று உடம்பே சொல்லும் சேதி அது.

இப்போது காலண்டரை எடுங்கள். வெளிவந்த முட்டைக்கு ஆயுள் 12-லிருந்து 24 மணி நேரம். இளகிய சளிக்குள் விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். 1995-ல் வெளியான ஒரு ஆய்வில் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைத் தினமும் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பின்தொடர்ந்தார்கள். கரு தங்கியது எல்லாமே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், ஆக ஆறு நாளில் சேர்ந்ததால்தான். முட்டை வந்த நாளுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. உங்கள் கணக்கைப் போடுவோம். ஆகஸ்ட் 4-ல் பீரியட்ஸ், அதிலிருந்து 14 நாள் பின்னால் போனால் ஜூலை 21. அன்றைக்கோ முன்னாலோ ஒரு நாளில் முட்டை வந்திருக்கிறது. வாய்ப்புள்ள ஆறு நாள் ஜூலை 16 முதல் 21. உங்கள் வீட்டுக்காரர் ஊரில் இருந்தது முதல் வாரம், அதாவது உங்களுக்குப் பீரியட்ஸ் இருந்த நாட்களிலும் அதை ஒட்டியும். போன வருஷம் கல்யாணம் முடிந்து சில வாரத்தில் ஆடி பிறந்திருக்கும், தலை ஆடிக்கு உங்களை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் சென்னை, நீங்கள் ஊர். 14 மாதம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். அந்த ஆறு நாளில் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்த மாதம் எத்தனை? இரண்டு, மூன்று இருந்தால் அதிகம். ஆகவே, உங்களுக்குக் குழந்தை தாமதமாகிறது என்றே நான் இன்னும் சொல்லமாட்டேன். முயற்சி செய்யவே வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதுதான் நிஜம்.

உங்களை இரண்டு முறை ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை எடுத்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கிறது. அது மிகச் சுலபமான பரிசோதனை, ஊசிகூடக் கிடையாது. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி வேண்டும் என்பதால்தான். நாள் முழுக்க அடுப்படியில் தோசைக்கல், தந்தூரி முன்னால் நிற்பவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைய வாய்ப்பு உண்டு. குறைவாக இருந்தாலும் மனம் உடைய வேண்டாம், விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும். இறுக்கமான உள்ளாடையைத் தவிர்த்து, வேலைக்கு நடுவே அடுப்பைவிட்டு விலகி, சிகரெட் இருந்தால் நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். இதை அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவரும் உங்களைப் போலவே தெரியாமல்தான் இருக்கிறார்.

உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது கொஞ்சம்தான். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், தினம் ஒன்று, இன்றிலிருந்தே. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தாலே வழி சொல்வார்கள். குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே இப்போது வேண்டாம். அவருடைய ரிப்போர்ட் நன்றாக இருந்து, சரியான நாட்களில் ஆறு மாதம் ஒன்றாக இருந்தும் நிற்கவில்லை என்றால் அப்போது பார்ப்போம். சேர்ந்த பிறகு இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் படுக்கச் சொல்வார்கள், தேவையில்லை. வெளியே வழிவதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், போக வேண்டியது சில நிமிடத்தில் சளிக்குள் ஏறிவிட்டிருக்கும்.

உங்களுக்கு அடுத்த பீரியட்ஸ் செப்டம்பர் 3 வாக்கில் வரும். வந்துவிட்டால் செப்டம்பர் 14 முதல் 19 வரை உங்களுக்கான ஆறு நாள். வெள்ளைக்கரு போலப் படத் தொடங்கியதும் அதையே கணக்காக வைத்துக்கொள்ளலாம், தேதியைவிட அது நம்பகமானது. 17 வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். உங்கள் வீட்டில் விரத வழக்கம் இருந்தால் அத்தையிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், இந்தக் கடிதத்தைப் படித்தால் அவரே ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு இன்றைக்கே போன் செய்து, முதல் வாரம் எடுக்கும் லீவை 14-ம் தேதிக்கு மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஹோட்டலில் பத்து நாள் முன்னால் சொன்னால்தானே மாற்று மாஸ்டர் ஏற்பாடு செய்வார்கள். அவர் இங்கே வருவதற்குள் சென்னையிலேயே விந்துப் பரிசோதனையை முடித்துவிட்டால் நல்லது. அந்த ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உங்கள் மகப்பேறு மருத்துவர்